லோகோ வருதா, வரலையா? சின்ன லேப்டாப் எழுந்திருக்க மறுக்கும்போது

கடலூர் மஞ்சக்குப்பமோ பாண்டிச்சேரி காமராஜர் சாலையோ, எந்த சர்வீஸ் கடைக்குப் போனாலும் நாம் சொல்வது ஒன்றுதான்: "ஆன் ஆகல." லைட்டே எரியாதது, லைட் எரிந்தும் திரை கறுப்பாக இருப்பது, லோகோவோடு நிற்பது, நீலத்திரை வந்து மறுபடி மறுபடி ரீஸ்டார்ட் ஆவது எல்லாமே அதற்குள் அடக்கம். கடைக்காரரும் கூட்டம் இருக்கிற நேரத்தில் "ஃபார்மட் போட்டுடலாமா?" என்று கேட்டு முடித்துக்கொள்வார். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இதுதான்: பட்டனை அழுத்தியதிலிருந்து எந்த இடத்தில் வண்டி நிற்கிறது என்பதைக் கண்ணால் பார்க்காமல் எதையும் செய்யக் கூடாது, ஃபார்மட்டை நிச்சயமாகச் செய்யக் கூடாது. பெரிய லேப்டாப்புக்கும் இது பொருந்தும், ஆனால் சின்னதில் தப்பு செய்தால் திரும்பி வரும் வழியே அடைபட்டுப் போகும்.

சின்னது என்று எதைச் சொல்கிறேன் என்றால், 2007-இல் ஏசுஸ் நிறுவனம் 7 அங்குலத் திரையோடும் 4 ஜிபி சேமிப்போடும் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டு விற்ற ஈ பிசி 701 தொடங்கி வைத்த பரம்பரை. அதற்கடுத்த வருடம் இன்டெல் ஆட்டம் சிப் வந்தது, ஏசர் ஆஸ்பயர் ஒன் வந்தது, அப்புறம் 11.6 அங்குலத்தில் 2 ஜிபி ரேமும் 32 ஜிபி இஎம்எம்சி சேமிப்பும் (ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக இருக்கும் சேமிப்புச் சிப்) கொண்டவை வந்தன. பையன் படிப்புக்கு, அக்காவின் தையல் கடைக் கணக்குக்கு என்று விலை பார்த்து வாங்குவது இவற்றைத்தான். இந்த இஎம்எம்சி மாடல்களில் பெரும்பாலானவற்றில் ரேமும் சேமிப்பும் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டி ஃபைல் எடுக்கலாம் என்கிற பழைய உபாயம் இங்கே செல்லாது.

சரி, முதல் கட்டம் கரண்ட். பட்டனை அழுத்தினால் எந்த லைட்டும் எரியவில்லை, ஒரு சத்தமும் இல்லை என்றால் விண்டோஸைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், அது இன்னும் காட்சிக்கே வரவில்லை. அடாப்டரைப் பாருங்கள். பின் உள்ளே போகிறது என்பதற்காக எந்த அடாப்டரையும் செருகிவிட முடியாது. ஈ பிசி குடும்பத்திலேயே 701-க்கு 9.5 வோல்ட், 901-க்கு 12 வோல்ட், பின்னால் வந்த மாடல்களுக்கு 19 வோல்ட் என்று மாறிக்கொண்டே போயிருக்கிறது. லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள வோல்ட்டும் அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆம்பியர் கூடுதலாக இருந்தால் பரவாயில்லை, குறைவாக இருக்கக் கூடாது. டைப் சி சார்ஜர் உள்ள புது மாடல்களில் போன் சார்ஜரைச் செருகினால் சார்ஜ் லைட் மட்டும் எரிந்து மெஷின் எழாமல் போகலாம், காரணம் அது கேட்கிற வாட் போன் சார்ஜரில் கிடையாது.

அடாப்டர் சரி என்றால், சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி கழற்ற வருமென்றால் அதையும் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்துவிட்டு, சார்ஜரை மட்டும் செருகி ஆன் செய்து பாருங்கள். போர்டில் தங்கியிருக்கும் மிச்ச மின்சாரம் வடிந்து பவர் சர்க்யூட் புதிதாகத் தொடங்க இது உதவும். மந்திரம் மாதிரி தோன்றினாலும் தூக்கத்திலேயே சிக்கிக்கொண்ட மெஷின்கள் நிறைய இதில் எழுந்துவிடும்.

நம் ஊருக்கென்று தனியாக ஒரு காரணம் உண்டு, உப்புக் காற்று. தேவனாம்பட்டினத்திலோ முத்தியால்பேட்டையிலோ ஜன்னலைத் திறந்து வைத்து மேஜையில் லேப்டாப் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், கொஞ்ச நாளில் யுஎஸ்பி ஓட்டையின் உலோகம் மங்கிப்போய்விடும். ஈரமும் உப்பும் சேர்ந்தால் செம்பு பச்சை பூக்கும், சார்ஜர் ஜாக்கில் தொடர்பு விட்டு விட்டு வரும், பட்டனின் அடியில் பிசுக்குப் பிடிக்கும். சின்ன மாடல்கள் பலவற்றில் பவர் பட்டன் தனியாக இல்லாமல் கீபோர்டில் ஒரு கீயாகவே இருக்கும். கீபோர்டு கெட்டால் பட்டனும் போச்சு. "போர்டு போச்சு" என்று கடையில் சொன்னால், ஜாக்கையும் கீபோர்டு ரிப்பனையும் பார்த்தீர்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

வெள்ளத்தில் நனைந்தது வேறு விஷயம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல், 2015 மழை, 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் என்று நமக்கு இதில் பழக்கம் அதிகம். நனைந்த மெஷினை "வேலை செய்யுதா பார்ப்போம்" என்று ஆன் செய்வதுதான் அதைக் கொல்கிறது, தண்ணீர் அல்ல. அரிசிப் பானைக்குள் வைப்பதால் பயனில்லை. ஈரம் போனாலும் உப்பும் சேறும் போர்டிலேயே தங்கித் தின்றுகொண்டிருக்கும். பின் மூடியைத் திறந்து பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் போட்டுக் கழுவுகிற ஆளிடம் கொடுப்பதுதான் வழி.

அடுத்த கட்டம்: லைட் எரிகிறது, திரை கறுப்பு. கேப்ஸ்லாக் கீயை அழுத்தினால் அதன் லைட் மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் மெஷின் உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, திரையோ அதன் கேபிளோ தான் கோளாறு; எச்டிஎம்ஐ கேபிளில் டிவியை இணைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். மாறவில்லை என்றால், போர்டிலேயே இருந்து முதலில் ஓடும் பயாஸ் என்கிற சின்ன நிரல் செய்யும் தொடக்கச் சோதனையே முடியவில்லை. ரேம் கழற்ற வரும் மாடலாக இருந்தால் எடுத்து, தங்க நிறப் பல் வரிசையைப் பென்சில் ரப்பரால் துடைத்து மறுபடி மாட்டுங்கள். கடற்கரை ஊரில் இந்த ஒரு வேலைக்கே பலன் அதிகம். பயாஸே கெட்டுப்போவதும் உண்டு: முதல் தலைமுறை ஆஸ்பயர் ஒன்னில் அது பிரசித்தம், லைட் எரியும், திரையில் ஒன்றும் வராது. அதற்கு ஏசர் வைத்திருந்த பின்வாசல், பயாஸ் ஃபைலைக் குறிப்பிட்ட பெயரில் பென் டிரைவில் போட்டுச் செருகி, எஃப்என், எஸ்கேப் இரண்டையும் அழுத்திப் பிடித்தபடி பவர் பட்டனைத் தட்டுவது. வேறு சில கம்பெனிகளிலும் இப்படி ஒன்று இருக்கும், கீ மட்டும் மாறும்.

லோகோ வந்துவிட்டால் பாதி நிம்மதி. போர்டு, ரேம், திரை மூன்றும் பெரும்பாலும் நன்றாக இருக்கின்றன என்று அர்த்தம். அதற்கப்புறம் "நோ பூட்டபிள் டிவைஸ்" மாதிரி ஒரு வெள்ளை எழுத்து வரி வந்தால், எதை எங்கிருந்து ஏற்றுவது என்று மெஷினுக்குத் தெரியவில்லை. முதலில் செருகியிருக்கும் பென் டிரைவையும் மெமரி கார்டையும் பிடுங்குங்கள். அப்புறம் எஃப்2 அல்லது டெலீட் கீ அழுத்தி பயாஸுக்குள் போய், சேமிப்புச் சாதனத்தின் பெயர் அங்கே தெரிகிறதா என்று பாருங்கள். பயாஸிலேயே தெரியவில்லை என்றால் அது ஹார்ட்வேர் விஷயம். தெரிகிறது, ஆனால் ஏறவில்லை என்றால் அமைப்பு மாறியிருக்கிறது அல்லது பூட் ஃபைல்கள் கெட்டிருக்கின்றன.

அமைப்பு தானாக மாறுமா? மாறும். போர்டில் இருக்கும் சிமாஸ் பேட்டரி, பெரும்பாலும் சிஆர்2032 என்கிற 3 வோல்ட் பட்டன் செல், தீர்ந்துபோனால் பயாஸ் தன் பழைய இயல்புக்குத் திரும்பிவிடும். தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும், அதனாலேயே பிரவுசரில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பு எச்சரிக்கை வரும். கூடவே போர்டு டிஸ்கோடு பேசும் முறை ஏஎச்சிஐ-யிலிருந்து பழைய ஐடிஇ-க்கு மாறியிருந்தால் விண்டோஸ் லோகோ வந்ததும் நீலத்திரை அடித்துவிடும். இதற்குப் போய் ஃபார்மட் போட்டவர்கள் எத்தனை பேரோ. பயாஸில் அந்த ஒரு வரியை முன்பிருந்தபடி மாற்றினால் முடிகிற வேலை இது.

தமிழ்நாட்டு அரசு 2011-இலிருந்து மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்களுக்கென்று ஒரு தனிக் கதை உண்டு. அவற்றில் விண்டோஸோடு மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. "இந்த லினக்ஸ் எதுக்கு, இடத்தை அடைச்சிக்கிட்டு" என்று விண்டோஸுக்குள்ளிருந்தே அது இருக்கும் பார்ட்டிஷனை, அதாவது டிஸ்கின் அந்தப் பகுதியை, அழித்தால், அடுத்த முறை ஆன் செய்யும்போது கறுப்புத் திரையில் "க்ரப் ரெஸ்க்யூ" என்று ஒரு வரி மட்டும் நிற்கும். இரண்டில் எதை ஏற்றுவது என்று கேட்கும் க்ரப் நிரலின் பெரும்பகுதி அந்த லினக்ஸ் பார்ட்டிஷனில்தான் இருந்தது, அதை நாமே அழித்துவிட்டோம். விண்டோஸ் முழுசாக அப்படியே இருக்கிறது. விண்டோஸ் டிவிடியிலோ பென் டிரைவிலோ பூட் செய்து கமாண்ட் பிராம்ப்டில் (கட்டளை தட்டும் கறுப்புத் திரை) பூட்ரெக் கட்டளையை ஃபிக்ஸ்எம்பிஆர் என்று கொடுத்தால் பழையபடி ஏறும்.

ஒரு எச்சரிக்கை. இந்த வைத்தியம் பழைய பயாஸ் முறை டிஸ்குக்குத்தான். பயாஸுக்குப் பதிலாக வந்த யூஇஎஃப்ஐ உள்ள இப்போதைய மெஷின்களில் ஃபிக்ஸ்எம்பிஆர் போட்டாலும் ஒன்றும் ஆகாது, ஃபிக்ஸ்பூட் போட்டால் பல சமயம் "ஆக்சஸ் டினைட்" என்று முகத்தில் அடிக்கும். அங்கே பிசிடிபூட் கட்டளையைத்தான் விண்டோஸ் இருக்கும் டிரைவைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். ரெக்கவரித் திரையில் (விண்டோஸ் எழாதபோது பழுதுபார்க்க வரும் திரை) அந்த டிரைவ் சி ஆகத்தான் இருக்கும் என்று நம்பாதீர்கள், டி என்று பெயர் மாறி நிற்பது சாதாரணம்.

இனி எல்லோருக்கும் பழக்கமான காட்சி: லோகோவுக்குக் கீழே புள்ளிகள் சுற்றுகின்றன, "ப்ரிபேரிங் ஆட்டோமேடிக் ரிப்பேர்" என்று வருகிறது, ரீஸ்டார்ட் ஆகிறது, மறுபடி அதே. இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் இது பெரும்பாலும் கரண்டில் தொடங்குகிறது. பேட்டரி செத்துப்போன லேப்டாப்பைச் சார்ஜரிலேயே வைத்து ஓட்டுவோம். கரண்ட் போய் வந்து போய் வரும். விண்டோஸ் ஒரு கணக்கு வைத்திருக்கிறது: தொடர்ந்து இரண்டு முறை முழுசாக எழ முடியவில்லை என்றாலும், எழுந்த இரண்டு நிமிடத்துக்குள் இரண்டு முறை திடீரென அணைந்தாலும் ரெக்கவரிக்குப் போய்விடும். ஒன்றுமே கெடாமல் வெறும் கரண்ட் விளையாட்டாலேயே அந்தத் திரை வரலாம் என்பதைக் கவனியுங்கள். அந்த நிலையில் பயந்து ரீசெட் கொடுக்காமல், "கன்டின்யூ" என்பதை அழுத்தினாலே விண்டோஸ் வந்துவிடக் கூடும்.

நிஜமாகவே கெடுவதும் கரண்டால்தான். அப்டேட் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் பாதி ஃபைல் புதுசு, பாதி பழசு. நெய்வேலி பக்கத்தில் இருந்தும் நமக்கு ஏன் இத்தனை கட் என்று புலம்பலாம், ஆனால் செத்த பேட்டரியை மாற்றுவது புலம்புவதைவிட மலிவு. ரெக்கவரித் திரையில் நான் போகச் சொல்லும் வரிசை: முதலில் கடைசியாக வந்த அப்டேட்டை நீக்குவது, அப்புறம் ஸ்டார்ட்அப் ரிப்பேர், அப்புறம் அத்தியாவசியமானதை மட்டும் ஏற்றும் சேஃப் மோட். முந்தைய ஒரு நாளின் நிலைக்குத் திருப்பும் சிஸ்டம் ரீஸ்டோரைச் சொல்லாததற்குக் காரணம், சின்ன டிஸ்க் மெஷின்களில் அது பெரும்பாலும் அணைந்தே கிடக்கும். சேஃப் மோடில் எழுந்தால் விண்டோஸ் உயிரோடு இருக்கிறது, ஏதோ ஒரு டிரைவரோ ஆன்டிவைரஸோதான் தடுக்கிறது.

இன்னொன்று, விண்டோஸ் 8 வந்ததிலிருந்து ஷட்டவுன் என்பது முழு ஷட்டவுன் அல்ல. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற பெயரில் விண்டோஸின் உட்கருவான கெர்னலின் நிலையை டிஸ்கில் எழுதி வைத்துவிட்டுத்தான் தூங்கப் போகிறது. அதனால்தான் "மூன்று தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன், சரியாகல" என்பவரிடம் ரீஸ்டார்ட் கொடுக்கச் சொன்னால் சரியாகிவிடுகிறது. ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுத்தாலும் முழுசாக அணையும்.

எதைச் செய்வதற்கும் முன்னால் ஃபைல்களை வெளியே எடுங்கள். விண்டோஸ் எழாவிட்டாலும் இது முடியும். ரெக்கவரியில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து நோட்பேட் என்று ஆங்கிலத்தில் தட்டினால் நோட்பேட் வரும். அதில் ஃபைல், ஓப்பன் என்று போய், கீழே எல்லா வகை ஃபைல்களையும் காட்டச் சொல்லிவிட்டால் டிரைவ்கள் எல்லாம் தெரியும். வலது கிளிக்கில் காப்பி செய்து பென் டிரைவில் ஒட்டிக்கொள்ளலாம். கடையில் "டேட்டா ரெக்கவரி" என்று தனியாகப் பணம் கேட்கிற வேலையில் சில சமயம் இதுவும் ஒன்று. பழைய ஹார்ட் டிஸ்க் டக் டக் என்று சத்தம் போட்டால் மட்டும் இதையும் செய்யாதீர்கள், டிஸ்கைச் சோதிக்கும் செக்டிஸ்க் கட்டளையையும் ஓட்டாதீர்கள். சாகக் கிடக்கும் டிஸ்கை மூலைமுடுக்கெல்லாம் படிக்க வைத்தால் இருக்கிற மிச்சமும் போய்விடும்.

"ரீசெட் திஸ் பிசி"யில் "கீப் மை ஃபைல்ஸ்" என்று இருப்பதை நம்பி அழுத்துகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். போட்டோவும் டாக்குமென்டும் இருக்கும், நாம் போட்ட மென்பொருள்கள் எல்லாம் போகும். டிடிபி வேலை செய்கிறவர்களுக்குப் பாமினி, வானவில் எழுத்துருக்களும் சேர்ந்தே போகும், ஏனென்றால் அவை விண்டோஸ் ஃபோல்டருக்குள் உட்கார்ந்திருப்பவை. அழைப்பிதழ் ஃபைல் பத்திரமாக இருக்கும், திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். எழுத்துருக்களையும் முன்பே காப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த ரீசெட்டே சின்ன மெஷினில் வேலை செய்யாமல் போவதுதான் பெரிய வேதனை. 32 ஜிபி என்று அட்டைப்பெட்டியில் போட்டிருப்பது விண்டோஸில் 29 சொச்சம்தான் காட்டும். விண்டோஸ், அப்டேட் மிச்சங்கள், வாட்ஸ்அப் வீடியோக்கள் என்று அது நிரம்பிக் கிடக்கும்போது ரீசெட்டுக்கு வேண்டிய தற்காலிக இடமே இருக்காது. மேலும் ரெக்கவரிக்கு வேண்டியதெல்லாம் அதே சிப்பின் ஒரு மூலையில்தான் இருக்கிறது; வீட்டைப் பூட்டும்போது மாற்றுச்சாவியையும் உள்ளேயே வைத்துவிட்டு வந்தது மாதிரி. சிப் கெட்டால் இரண்டும் சேர்ந்தே போகும்.

இடம் வேண்டும் என்று ரெக்கவரி பார்ட்டிஷனை அழிக்கிற யோசனை வந்தால் இன்னும் ஆபத்து. 2014-இல் விண்டோஸ் 8.1 அப்டேட்டோடு விம்பூட் என்று ஒரு முறை வந்தது. அந்த மெஷின்களில் சி டிரைவில் இருப்பது பெரும்பாலும் வெறும் சுட்டிகள்தான், நிஜ விண்டோஸ் ஃபைல்கள் ரெக்கவரி பார்ட்டிஷனில் சுருக்கி வைத்த ஒரே இமேஜுக்குள் இருக்கும். அதை அழித்தால் ரெக்கவரி மட்டுமல்ல, விண்டோஸே அங்கேயே முடிந்தது. விண்டோஸ் 10-இல் இந்த முறையைக் கைவிட்டார்கள். அதிலும் ரெக்கவரி பார்ட்டிஷன் தொல்லை தீர்ந்துவிடவில்லை. 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் அனுப்பிய ஒரு பாதுகாப்பு அப்டேட், அந்தப் பார்ட்டிஷனில் 250 எம்பி காலியாக இல்லாத மெஷின்களில் எல்லாம் மறுபடி மறுபடி தோற்றுக்கொண்டிருந்தது. ஒரு அப்டேட் ஓயாமல் ஃபெயில் ஆனால், அது மெஷின் கெட்டதன் அறிகுறி என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

ஆகவே ரெக்கவரி வெளியே இருக்க வேண்டும். லேப்டாப் நன்றாக ஓடுகிற நாளில், மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூலை இறக்கி 8 ஜிபிக்குக் குறையாத பென் டிரைவில் விண்டோஸைப் போட்டு வையுங்கள். அது அந்த மெஷினில் பூட் ஆகிறதா என்று ஒரு முறை பார்த்தும்விடுங்கள். 2014 வாக்கில் வந்த பே டிரெயில் ஆட்டம் மெஷின்களில் ஒரு விசித்திரம் உண்டு: பிராசஸர் 64 பிட், ஆனால் யூஇஎஃப்ஐ 32 பிட். 64 பிட் விண்டோஸ் பென் டிரைவைச் செருகினால் பூட் மெனுவில் அது தெரியவே தெரியாது. பென் டிரைவ் கெட்டுவிட்டது, போர்ட் கெட்டுவிட்டது என்று மாற்றி மாற்றிச் செருகிப் பார்ப்பார்கள். 32 பிட் விண்டோஸ் 10 போட்ட டிரைவைச் செருகினால் உடனே தெரியும்.

விண்டோஸ் 11-உடன் வருகிற புது மெஷின்களில் இன்னொரு பூட்டு இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே டிஸ்க் தானாக என்க்ரிப்ட் ஆகிவிடும், அதாவது கீ இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்படும். பயாஸ் அப்டேட்டோ, அதிலுள்ள செக்யூர் பூட் என்கிற பாதுகாப்பு அமைப்பை மாற்றுவதோ, எது நடந்தாலும் அடுத்த முறை நீலத்திரையில் 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கலாம். அது இல்லாமல் மேலே சொன்ன நோட்பேட் உபாயம் உட்பட எதுவும் நடக்காது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்கிற பாதுகாப்பு மென்பொருள் கம்பெனியின் அப்டேட்டால் உலகம் முழுக்க 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் விழுந்தபோது, சரிசெய்ய வேண்டியது சேஃப் மோடில் ஒரே ஒரு ஃபைலை அழிப்பதுதான்; ஆனால் என்க்ரிப்ட் ஆன மெஷின்களில் அதற்கே இந்தக் கீயைத் தேட வேண்டியதாயிற்று. கீ அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில்தான் இருக்கும். இங்கே நடப்பது என்னவென்றால், வாங்கும்போது கடைப்பையன் அவசரத்துக்கு ஏதோ ஒரு மெயில் ஐடி உருவாக்கி நுழைத்துக் கொடுத்திருப்பான், பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. புது லேப்டாப் வாங்கினால் உங்கள் சொந்த மெயிலில் நுழைந்து, அந்தக் கீயை ஒரு தாளில் எழுதி பில்லோடு சேர்த்து வையுங்கள்.

எல்லாம் செய்தும் சரியாகாத ஒரு வகை மிச்சமிருக்கிறது. ஃபைலை அழிக்கிறீர்கள், ரீஸ்டார்ட் செய்தால் அது திரும்ப வந்து நிற்கிறது. ஃபார்மட் போடுகிறீர்கள், போட்ட மாதிரியே இல்லை, பழைய விண்டோஸே வருகிறது. பேய் பிசாசு இல்லை, இஎம்எம்சி சிப் தன் ஆயுள் முடிந்து படிக்க மட்டும் அனுமதிக்கும் நிலைக்குப் போயிருக்கிறது. படிக்க முடிகிற வரை ஃபைல்களை எடுத்துக்கொள்ளுங்கள், இனி எந்த மென்பொருள் வைத்தியமும் கிடையாது. சிப்பைப் பெயர்த்து வேறு வைக்கிற ஆட்கள் இருக்கிறார்கள், ஆனால் இந்த விலை மெஷினுக்கு அந்தக் கூலி கட்டுப்படியாகாது.

சிப் நன்றாக இருந்து விண்டோஸ் மட்டும் பாரமாகிவிட்ட மெஷின்கள் வேறு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது, 11-க்கு 4 ஜிபி ரேமும் 64 ஜிபி சேமிப்பும் டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதியும் வேண்டும், 2 ஜிபி மெஷின் அந்த வாசலிலேயே நின்றுவிடும். எடை குறைந்த லினக்ஸ் ஒன்றுதான் போக்கிடம். பே டிரெயில் என்றால் 32 பிட் யூஇஎஃப்ஐ-யிலும் பூட் ஆகிற டெபியன் போடலாம். அதற்கும் முந்தைய, 32 பிட் மட்டுமே தெரிந்த என்270 ஆட்டம் மெஷின் என்றால் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டு வருகின்றன: லுபுண்டு என்கிற லினக்ஸ் 32 பிட்டை 18.10-உடன் நிறுத்திக்கொண்டது, 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் 32 பிட் இன்ஸ்டாலரே இல்லை. டெபியன் 12-இன் 32 பிட் இமேஜை இப்போதே இறக்கி அதே பென் டிரைவில் வைத்துக்கொள்வது நல்லது.